போர்டுக்குக் காப்பு உண்டு, பிள்ளைக்கு உண்டா?



இந்தப் பகுதியில் நாம் வழக்கமாகக் குலைக் கணக்கு, நிறுவைக் குறை, லயத்துக் கூரை, மழை நாள் சம்பளம் என்றுதான் பேசி வருகிறோம். பேச வேண்டியவைதான், தீர்ந்தபாடில்லை. ஆனால் விடிகாலை ஐந்தரை மணிக்குத் தோட்டத்து முச்சந்தியில் போய் நின்று பாருங்கள். பிரட்டுக்குப் போகிறவர்களைவிடப் பேக்டரி பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்கள்தான் அதிகம். நம் மகள், மருமகள், பல வீடுகளில் மகனும்தான். பிறை, பாயான் லெப்பாஸ், கூலிம், சுங்கைப்பட்டாணி என்று நாலா பக்கமும் போகிறார்கள். அவர்களும் தோட்டத்துப் பிள்ளைகள்தானே? அவர்கள் பாட்டை இந்தப் பகுதியில் எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

பிள்ளை என்ன வேலை செய்கிறது என்று வீட்டில் கேட்டால், "கம்பெனி வேலைங்க" என்பார்கள். "கம்பெனியிலே என்ன வேலை?" என்று மறுபடி கேட்டால், "ரீவொர்க்காம், போர்டு பாக்குறாளாம்" என்று பதில் வரும். அதற்கு மேல் தெரியாது. பால் வெட்டும் உளியை எப்படித் தீட்டுவது, மங்கை எப்படித் துடைப்பது என்று நம் அப்பன் ஆத்தாள் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நம் பிள்ளை எட்டு மணி நேரம், ஓவர்டைம் இருந்தால் பன்னிரண்டு மணி நேரம், கையில் பிடித்திருக்கும் கருவி இன்னதென்று நாம் கேட்டுத் தெரிந்து கொண்டோமா? கேட்க வேண்டும். அந்தக் கருவியில் பிள்ளையின் சம்பளமும் இருக்கிறது, மூச்சும் இருக்கிறது.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கைத்தொலைபேசி, வானொலி, காரின் உள்ளே இருக்கும் கருவி, மருத்துவமனைக் கருவி, எதைத் திறந்தாலும் உள்ளே பச்சை நிறத்தில் ஒரு தகடு இருக்கும். அதுதான் போர்டு. அதன்மேல் கடுகளவிலும், கடுகைவிடச் சிறிதாகவும் நூற்றுக்கணக்கான உருப்படிகளை மெஷின் எடுத்து வைக்கும். பிறகு போர்டு அடுப்புக்குள் போய் வெளியே வரும். ஈயப் பசை உருகி எல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஆனால் எல்லாப் போர்டும் சுத்தமாக வருவதில்லை. ஓர் உருப்படி கோணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இன்னொன்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். இரண்டு கால்களுக்கு நடுவே ஈயம் பாலம் போட்டிருக்கும். மெஷின் கெடுத்ததை மெஷின் திருத்தாது. அப்படிக் கெட்டதெல்லாம் ஒரு மேசைக்கு வந்து சேரும். அந்த மேசையில் உட்கார்ந்திருப்பது நம் பிள்ளை.

மேசையில் என்ன இருக்கிறது? முதலில் சோல்டரிங் அயன். பேனாவைப் போல் பிடிப்பார்கள். மூக்குப் பகுதி செம்பு, மேலே இரும்புப் பூச்சு. அந்தப் பூச்சுப் போய்விட்டால் உருகிய ஈயம் செம்பைத் தின்றுவிடும். ஆகையால்தான் அந்த மூக்கை அரம் போட்டுத் தேய்க்கக் கூடாது என்பார்கள். (நம் ஆட்கள் வீட்டில் வாங்கி வைக்கும் மலிவு அயனை அரத்தால் ராவிப் பாழாக்குவதை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்!) அடுத்தது ஈயம் உறிஞ்சும் குழாய். சைக்கிள் பம்பு காற்றை ஊதும், இது இழுக்கும். உள்ளே ஒரு ஸ்பிரிங். பட்டனைத் தட்டினால் 'டக்' என்று உருகிய ஈயத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு செப்பு நாடா. மயிரிழை போன்ற செம்புக் கம்பியால் பின்னியது. விளக்குத் திரி எண்ணெயைக் குடிப்பது போல் அது ஈயத்தைக் குடிக்கும். பல கால்கள் உள்ள சில்லைக் கழற்றச் சுடுகாற்றுத் துப்பாக்கி. எடுத்து வைக்கச் சாமணம். கால் நறுக்கக் குறடு. பார்க்கப் பூதக் கண்ணாடி, சில இடங்களில் மைக்ராஸ்கோப்.

இவை எல்லாம் கைக்குள் அடங்கும் சாமான்கள். பார்த்தால் பொற்கொல்லர் பட்டறை மாதிரி இருக்கும். வேலையும் ஏறக்குறைய அப்படித்தான். போர்டின் மேல் ஓடும் செம்புத் தகடு எவ்வளவு தடிப்பு தெரியுமா? சாதாரணமாக 35 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் அதில் முப்பத்தைந்து கூறு, தலைமயிரைவிட மெல்லியது. அது பிசினால் ஒட்டப்பட்டிருக்கிறது. அயனை இரண்டு மூன்று வினாடி வைத்தால் ஈயம் உருகி ஓடும், வேலை முடியும். இன்னும் கொஞ்ச நேரம் வைத்தாலோ, கொஞ்சம் அழுத்தினாலோ பிசின் விட்டுப் போய் தகடு கிளம்பிவிடும். போர்டு போயிற்று.

இதைக் கேட்டதும் பால் மரம் வெட்டியவர்களுக்கு ஒன்று நினைவு வந்திருக்க வேண்டும். பட்டையை ஆழமாக வெட்டினால்தான் பால் வரும்; ஆனால் உள்ளே இருக்கும் இளந்தோலை உளி தொட்டுவிட்டால் மரத்துக்குக் காயம், புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வரும். நடுவில் இருப்பது ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை. இருட்டில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில், அந்த ஒரு மில்லிமீட்டரை நம் தாய்மார்கள் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தார்கள். அதை யாராவது 'தொழில்நுட்பம்' என்று சொன்னார்களா? "காட்டு வேலை" என்றார்கள். இன்று அவர்களுடைய பேத்தி 35 மைக்ரானைக் கையால் அறிகிறாள். அவளை "ஆப்பரேட்டர்" என்கிறார்கள். பெயர்தான் மாறியிருக்கிறது.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வாணிப வலயம் தொடங்கியபோது ஆயிரக்கணக்கில் பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். மலாய்ப் பெண்களே அதிகம். நம் தோட்டத்துப் பெண்களும் போனார்கள். வெளிநாட்டு முதலாளிகளை அழைப்பதற்காக அந்த 1970-களில் அரசு தரப்பில் அச்சடித்த விளம்பரப் புத்தகத்திலேயே, கீழைநாட்டுப் பெண்களின் கை நளினத்தைப் பெருமையாக எழுதியிருந்தார்கள். புகழ்ச்சிதானே என்று தோன்றும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நளினம் பிறவியிலேயே வந்தது என்று சொல்லிவிட்டால் அது படித்துப் பழகிய தொழில் இல்லை என்றாகிறது. தொழில் இல்லை என்றால் தொழிலுக்கு உரிய கூலி எதற்கு? புகழ்ந்துகொண்டே கூலியைக் குறைக்கும் வித்தை அது.

இப்போது காப்புக்கு வருகிறேன்.

ரீவொர்க் மேசையில் உட்காருகிறவர் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். அதிலிருந்து சுருள் வயர் ஒன்று பூமித் தொடர்புக்குப் போகும். புதிதாகப் பார்க்கிற தாய், "ஐயோ, பிள்ளைக்குக் கரண்டு அடிக்காம இருக்கக் கட்டுறாங்க போல, நல்ல கம்பெனி" என்று நினைப்பாள். இல்லை, அம்மா. அந்தக் காப்பு போர்டுக்கு. நடக்கும்போதும், துணி உரசும்போதும் நம் உடம்பில் நிலைமின்சாரம் சேரும். மூவாயிரம் வோல்ட் அளவுக்குச் சேர்ந்தால்தான் நமக்கு 'சுருக்' என்று தெரியும். சில்லுக்கு நூறு வோல்ட் போதும், சிலவற்றுக்கு அதுவும் வேண்டாம், செத்துப் போகும். நம் உடம்பில் சேர்வதை வடித்துவிடத்தான் அந்தக் காப்பு. அதனுள்ளே பத்து லட்சம் ஓம் தடை ஒன்று வைத்திருப்பார்கள்; தப்பித் தவறிக் கரண்டு பட்டால் ஆளைக் கொல்லாமல் இருக்க. அந்த அளவுக்கு நம்மையும் நினைத்திருக்கிறார்கள்.

அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை; போர்டைக் காக்க வேண்டியதுதான். நான் கேட்பது வேறு. பல பேக்டரிகளில் வேலை தொடங்குமுன் ஒவ்வொருவரும் ஒரு பெட்டியின் முன்னால் நின்று காப்பைச் சோதிக்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் உள்ளே போகலாம். சிவப்பு எரிந்தால் போகக் கூடாது. தவறினால் எச்சரிக்கைக் கடிதம். சரி. அதே மேசையின் மேல் புகை இழுக்கும் குழாய் ஒன்று இருக்கிறதே, அது இழுக்கிறதா இல்லையா என்று தினமும் சோதிக்கப் பச்சை விளக்கு எங்கே? போர்டின் உயிருக்குத் தினம் ஒரு சோதனை. பிள்ளையின் மூச்சுக்கு எப்போது?

புகையைப் பற்றி நம்மவர்களிடையே ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அது ஈயப் புகை என்று நினைக்கிறார்கள். அயனின் மூக்கு சுமார் 350 டிகிரி செல்சியஸ். ஈயம் கொதித்து ஆவியாக 1700 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே கண்ணில் படும் அந்த வெள்ளைப் புகை ஈயம் அல்ல; அது பிளக்ஸ். ஈயம் நன்றாக ஓடிப் பிடிப்பதற்காகக் கம்பியின் உள்ளேயே வைத்திருக்கும் மருந்து. அதில் காலங்காலமாகச் சேர்ப்பது எது தெரியுமா? பைன் மரத்துப் பிசின். நாம் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பது போலவே வேறு நாடுகளில் பைன் மரத்தைக் கீறிப் பிசின் எடுக்கிறார்கள். அதைக் காய்ச்சித் தைலத்தை வடித்தபின் மிஞ்சும் கட்டிதான் ரோஸின். எங்கோ ஒரு தொழிலாளி மரம் வெட்டி எடுத்த பால், சுற்றி வந்து நம் பிள்ளையின் மூக்கில் புகையாக ஏறுகிறது.

இந்த ரோஸின் புகை ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறை, வேலையால் வரும் ஆஸ்துமாவுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாக இதை வைத்திருக்கிறது. எல்லோருக்கும் வராது. வந்தவர்களுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: ஒருமுறை உடம்பு அதற்குப் பகையாகிவிட்டால், பிறகு கொஞ்சம் புகை பட்டாலும் இழுப்பு வரும். ரோஸின் இல்லாத பிளக்ஸும் இருக்கிறது; அதற்காக அந்தப் புகையை மூக்கில் வாங்கலாம் என்று அர்த்தமில்லை.

எங்கள் கிளைக்கு ஒரு தாய் வந்தார். மகள் ஒரு பேக்டரியில் மூன்று வருஷமாக ரீவொர்க். இருமல், ராத்திரியில் நெஞ்சு அடைப்பு. "தோட்டத்து ஈரக் காத்துங்க, அவ அப்பாவுக்கும் இப்படித்தான்" என்று தாயே காரணமும் சொல்லிவிட்டார். நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "தீபாவளிக்கு ஒரு வாரம் வீட்டில இருந்தப்ப எப்படி இருந்துச்சு?" தாய் யோசித்தார். "நல்லாத்தான் இருந்தா." "வேலைக்குத் திரும்பினதும்?" "ரெண்டு நாள்ல மறுபடி." ஈரக் காற்று தீபாவளிக்கு லீவு எடுப்பதில்லையே! நான்கு வாரம் தினமும் எழுதி வைக்கச் சொன்னோம்: எந்த ஷிப்ட், எந்த மேசை, எப்போது இருமல், லீவு நாளில் எப்படி. அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் மருத்துவர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். ஊதிப் பார்க்கும் குழாயைக் கொடுத்து, வேலை நாளிலும் வீட்டிலும் ஊதிக் குறித்து வரச் சொன்னார். கணக்கு சரியாகப் பொருந்தியது. கம்பெனி அந்தப் பிள்ளையை வேறு பகுதிக்கு மாற்றியது. அடிப்படைச் சம்பளம் அப்படியே. ஷிப்ட் அலவன்ஸ் போயிற்று. அவள் உட்கார்ந்திருந்த மேசையில் இப்போது வேறொரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள். இந்த வழக்கு எனக்கு இன்னும் முடியவில்லை.

ஈயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐரோப்பாவில் 2006 ஜூலை 1 முதல் மின்னணுச் சாமான்களில் ஈயம் சேர்க்கத் தடை வந்தது. அங்கே விற்க வேண்டிய கம்பெனிகள் எல்லாம் மாறின. இப்போது பெரும்பாலான பேக்டரிகளில் வெள்ளீயமும், கொஞ்சம் வெள்ளியும், செம்பும் சேர்ந்த கம்பிதான். நல்லதே. ஆனால் பழைய ஈயக் கலவை 183 டிகிரியில் உருகும். புதியதற்கு 217 வேண்டும். உருகும் சூடு ஏறினால் அயனின் சூடும் ஏறும், பிளக்ஸும் காட்டமாக வேண்டும். ஈயம் போயிற்று, புகை போகவில்லை. கடைகளில் சுருளாக விற்கும் கம்பியில் இன்னமும் ஈயம் உள்ளது நிறைய இருக்கிறது. அதைத் தொட்ட கையோடு சோறு சாப்பிடக் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஈயம் மூக்கு வழியாக அல்ல, கை வழியாக வாய்க்குள் போகும். கைக்குழந்தை உள்ள தாய்மார்கள் இதில் விளையாட்டாக இருக்கக் கூடாது.

சூட்டைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? இங்கேதான் கோட்டா வருகிறது. ஒரு மணிக்கு இத்தனை போர்டு என்று கணக்கு வைப்பார்கள். கணக்கு ஏற ஏறப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? 350-இல் இருக்கும் அயனை 400-க்கு ஏற்றுவார்கள். சீக்கிரம் உருகும். மூக்கும் சீக்கிரம் கருகும், தகடும் கிளம்பும், பிளக்ஸ் எரிந்து புகை அதிகமாகும். கோட்டா ஏறினால் சூடு ஏறும். சூடு ஏறினால் புகை ஏறும். எடைக் கூலிக்கு ஓடி ஓடி வெட்டியபோது மரத்தைக் காயப்படுத்தியதற்குத் திட்டு வாங்கினோமே, அதே கதை. வேகத்தைக் கேட்டவர் ஒருவர், காயத்துக்குப் பதில் சொல்கிறவர் இன்னொருவர். "தகடு கிளம்பிடுச்சு, கவனமா இல்ல" என்று கடிதம் கொடுக்கிறார்கள். அயன் எத்தனை டிகிரியில் இருந்தது, ஏன் இருந்தது என்று அந்தக் கடிதத்தில் ஒரு வரி இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது? 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், அதாவது 514-ஆம் சட்டம், நம் நாட்டில் இருக்கிறது. உடல்நலத்துக்குக் கேடான இரசாயனங்கள் பற்றி 2000-ஆம் ஆண்டில் வந்த விதிகள் இருக்கின்றன. புகை இழுக்கும் சாதனத்தை முதலாளி மாதம் ஒரு முறையாவது பார்வையிட வேண்டும். அதற்கென்று தகுதி பெற்றவரைக் கொண்டு வருஷம் ஒரு முறையாவது சோதிக்க வேண்டும். நாற்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும்; அதில் தொழிலாளர் பிரதிநிதி உண்டு. பாதுகாப்புச் சாதனத்துக்காக நம் சம்பளத்தில் காசு பிடிக்கக் கூடாது. 2024 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால் அந்த இடத்தை விட்டு விலகும் உரிமையும் இருக்கிறது. வேலையால் வந்த ஆஸ்துமாவுக்குச் சொக்சோவில் மனுச் செய்ய இடமுண்டு.

சட்டப் புத்தகம் இப்படி அழகாக இருக்கிறது. மேசைக்குப் போனால் புகைக் குழாய் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அல்லது மேற்பார்வையாளர் வருகிற நாளில் மட்டும் ஓடுகிறது. சில இடங்களில் சின்ன மேசை விசிறி ஒன்றை வைத்துவிட்டு, "பாதுகாப்பு" என்கிறார்கள். விசிறி புகையை எங்கே அனுப்பும்? பக்கத்து மேசைப் பிள்ளையின் முகத்துக்கு. அந்தப் பிள்ளை நேப்பாளத்திலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்த பிள்ளையாக இருக்கலாம். அவளுடைய நெஞ்சும் நெஞ்சுதான். துணி முகமூடியும் மருத்துவ முகமூடியும் இந்தப் புகைக்குப் போதாது. புகை கிளம்பும் இடத்திலேயே, அயனின் மூக்குக்குப் பக்கத்திலேயே இழுக்க வேண்டும். அதுதான் காப்பு.

"சும்மா இரு, வேலை போயிடும்" என்று வீட்டில் சொல்கிறார்கள். நாம் மருந்தடித்த காலத்தை மறந்துவிட்டோமா? பாராகுவாட் புட்டியைத் தோளில் சுமந்த பெண்களுக்கு நகம் கழன்றது, மூக்கில் இரத்தம் வந்தது. அப்போதும் சும்மா இரு என்றுதான் சொன்னார்கள். 2002-இல் அந்த மருந்தை நிறுத்துவதாக அரசு முடிவு செய்தது; 2006-இல் தளர்த்தியது; கடைசியில் 2020 ஜனவரி 1-இல்தான் தடை முழுமையாக வந்தது. முதல் முடிவுக்கும் தடைக்கும் நடுவே பதினெட்டு வருஷம். அந்தப் பதினெட்டு வருஷத்தை யார் உடம்பு சுமந்தது? புகைக் குழாய்க்கும் நாம் பதினெட்டு வருஷம் காத்திருக்க வேண்டுமா?

சங்கம் இல்லாமல் தனியாள் கேட்பது கடினம், எனக்குத் தெரியும். மின்னணுத் தொழிலாளர்களுக்கு நீண்ட காலம் சங்கமே அமைக்க விடவில்லை. 1988-இல் அனுமதி என்று சொல்லி, கம்பெனிக்குள்ளேயே அடங்கும் சங்கம் மட்டும் என்று குறுக்கினார்கள். 2009-இல்தான் வட்டாரச் சங்கங்களுக்கு வழி திறந்தது. 2024 செப்டம்பர் 15-இல் நடப்புக்கு வந்த தொழிற்சங்கச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கட்டுகள் இன்னும் தளர்ந்திருக்கின்றன. கதவு திறந்திருக்கிறது, உள்ளே போக ஆள்தான் வேண்டும். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் உறுப்பினர்? தோட்டத்தில் சந்தா கட்டிப் பழகிய குடும்பம், பேக்டரிக்குப் போனதும் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுகிறதே, அது எனக்கு விளங்கவே இல்லை.

கூலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. நல்லது. ஆனால் நான் பார்த்த இடங்களில் நேற்று வந்த பிள்ளைக்கும், எட்டு வருஷமாக அயன் பிடிக்கும் பிள்ளைக்கும் நடுவே நூறு இருநூறு வெள்ளிதான் வித்தியாசம். கை பழகிய எட்டு வருஷத்தின் விலை அவ்வளவுதானா? இதற்கு ஒரு வழி உண்டு. நம்மவர்கள் அதிகம் அறியாதது. 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டப்படி, பயிற்சிப் பள்ளிக்குப் போகாமலே, செய்த வேலையைச் சான்றாகக் காட்டி மலேசியத் திறன் சான்றிதழ் பெறலாம். மலாயில் 'பெங்கிக்திராஃபான் பென்சாப்பாயான் தெர்டாஹுலு', சுருக்கமாகப் 'பி.பி.டி.' என்பார்கள். செய்த வேலைகளைக் கோப்பாகத் தொகுத்துக் கொடுக்க வேண்டும்; மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பார். செலவு உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள கம்பெனிகள் பயிற்சிக்கென்று சம்பளத் தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கு வரி கட்டுகின்றன. அந்தப் பணத்தில் எங்களை அனுப்புங்கள் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆறாம் வகுப்போடு நின்ற பிள்ளையாக இருந்தாலும் சரி, கையில் தொழில் இருந்தால் காகிதமும் வரட்டும். காகிதம் இல்லாத திறமையை முதலாளி புகழ்வார். சம்பளப் பேச்சில் மறந்துவிடுவார்.

தோட்டத்திலேயே இருக்கும் இளைஞர்களுக்கும் இதில் ஒரு செய்தி. இப்போது மருந்தடிக்கும் பம்புகள் பல பேட்டரியில் ஓடுகின்றன. சார்ஜ் செய்யும் ஓட்டையில் செருகிச் செருகி எடுப்பதால் உள்ளே ஈயப் பற்று விரிந்துவிடும். பம்பு செத்துவிட்டது என்று மூலையில் போடுவார்கள், புதிது வாங்குவார்கள். அயன் ஒன்றும், கம்பிச் சுருள் ஒன்றும், உறிஞ்சும் குழாய் ஒன்றும் இருந்தால் அது பத்து நிமிஷ வேலை. லயத்து விசிறி, டார்ச் விளக்கு, வானொலி, எத்தனை வீட்டில் இப்படிக் கிடக்கின்றன! பேக்டரியில் ரீவொர்க் செய்யும் அக்காளிடம் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கற்றுக்கொள்ளக் கூடாதா? அயனை முதலில் பற்ற வேண்டிய இடத்தில் வைத்துச் சூடாக்கு, பிறகு கம்பியை அந்த இடத்தில் கொடு, அயனின் மூக்கில் கொடுக்காதே: இதை அவள் ஐந்து நிமிஷத்தில் சொல்லித் தருவாள்; கை பழகத்தான் நாளாகும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். பேட்டரியைப் பிரிக்காதீர்கள். 240 வோல்டில் ஓடும் சாமானில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய மின்தேக்கியில் ஆளைத் தூக்கிப் போடும் அளவுக்குக் கரண்டு நிற்கும். தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் தொலைக்காட்சியையும் மைக்ரோவேவ் அடுப்பையும் திறக்கவே வேண்டாம்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் பிள்ளை வேலை முடிந்து வந்ததும், உங்கள் மேசையில் எந்தப் பிளக்ஸ், எந்தக் கம்பி என்று கேளுங்கள். ஒவ்வொரு இரசாயனத்துக்கும் பாதுகாப்பு விவரத் தாள் ஒன்று கம்பெனியில் இருக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி அது மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். அதில் ரோஸின் அல்லது கொலோஃபனி என்ற சொல் இருக்கிறதா என்று பிள்ளை பார்த்து வரட்டும். புகைக் குழாயில் கடைசியாகச் சோதித்த தேதி ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்கட்டும். படம் எடுக்க அனுமதி இல்லை என்றால் கையால் எழுதி வரலாம். இருமல் இருக்கிற பிள்ளை என்றால் இன்றிலிருந்தே நோட்டுப் புத்தகம் தொடங்கட்டும். அந்தத் தாளையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு கிளை அலுவலகத்துக்கு வாருங்கள். தோட்டத்துச் சங்கம், பேக்டரிச் சங்கம் என்று நான் பிரித்துப் பார்ப்பதில்லை. சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு நான் அங்கேதான் இருப்பேன்.